'விஷ்' சத்தமும் நனைந்த பாயும்

கேள்வி: ஜப்பானிய வாள் வித்தைக்காரர்கள் மேடையில் வாளை வீசும்போது 'விஷ்' என்று சத்தம் கேட்கிறதே! எதிரே நின்றால் ஆள் இரண்டு துண்டுதானே?

பதில்: அந்தச் சத்தத்தை நம்பாதீர்கள். வாளின் முதுகை ஒட்டி, இரு பக்கமும் ஒரு பள்ளம் ஓடும். போஹி என்பார்கள். எடையைக் குறைக்க எடுத்த பள்ளம் அது. காற்று அதில் பட்டுச் சீறுகிறது. மேடையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இயாய்தோ. துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்த, கூர் தீட்டாத பயிற்சி வாள். அதை எதன் மேலாவது ஓங்கி அடித்தால் வாளே உடையும்.

சத்தத்தால் பயன் பழகுகிறவருக்குத்தான். தலைக்கு மேலேயே சீறிவிட்டால் வலது கை முரட்டுத்தனமாகத் தள்ளுகிறது என்று பொருள். வெட்டு விழ வேண்டிய இடத்தில் சீற வேண்டும்.

வெட்டுமா என்று பார்க்கத் தமேஷிகிரி இருக்கிறது. தத்தாமி என்ற ஜப்பானியத் தரைவிரிப்பின் மேல்பாயை இறுக்கிச் சுருட்டி, சில இடங்களில் கட்டி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, வடிந்ததும் மரத் தாங்கியின் முளையில் செருகுவார்கள். ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் வெட்டு. வாளின் வாய் பார்க்கும் திசையும் வீச்சு போகும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும், இதுதான் ஹசுஜி. கொஞ்சம் திரும்பினாலும் வெட்டு குழிந்து வளையும், வாள் பாதியில் சிக்கும், சில நேரம் வாளே கோணிக்கொள்ளும். பலசாலி திணறும் பாயை ஒல்லியான ஆள் சீவிவிடுவது இதனால்தான்.

ஆனால் பாய் திருப்பி அடிக்காது. தூரமும் சமயமும் பழக, மூங்கில் வாளால் இருவர் மோதும் கெண்டோதான் வேண்டும். அதை 'மூங்கில் குச்சி விளையாட்டு' என்பவர்களோடு எனக்குப் பழைய தகராறு உண்டு. இன்னும் விடுவதாக இல்லை. தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை என்று குறித்த இடத்தில், குரலும் அடியும் காலும் ஒன்றாக விழ வேண்டும். அடித்த பிறகும் எதிராளி மேல் கவனம் இருக்க வேண்டும். ஜெயித்த குஷியில் கையை உயர்த்தினால், நடுவர்கள் கொடுத்த புள்ளியையே ரத்து செய்யலாம். படம் காட்டுவதற்கு எதிராக இப்படிச் சட்டமே வைத்த போட்டி வேறு எங்கே இருக்கிறது?

மேடைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் உறையிலிருந்து உருவுமுன் பிடியிலுள்ள மெகுகியைப் பாருங்கள். வாளின் வால்பகுதியைப் பிடிக்குள் நிறுத்துவது அந்தச் சிறு மூங்கில் ஆணிதான். அது சுருங்கியோ விரிசல் விட்டோ இருந்தால், வீச்சின் நடுவில் பிடி கையிலும் வாள் கூட்டத்திலும் இருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது குழந்தைகள்.