போன் வந்த பிறகு பழைய கதை சொல்லும் கலைகள் அழிந்துவிட்டனவா?

எல்லோர் கையிலும் போன் இருக்கும் காலத்தில் பழைய கதை சொல்லும் கலைகளை இனி யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாலக்காடு மாவட்டத்துத் தமிழன். இங்கே பாரதப்புழை ஆற்றின் கரையோரக் காவுகளில், அதாவது பகவதி எனப்படும் பத்ரகாளியின் கோயில்களில், நடக்கும் தோல்பாவைக் கூத்தை, தோல் பாவைகளின் நிழலைத் திரையில் காட்டிக் கதை சொல்லும் கலையை, வைத்துச் சொல்கிறேன்.

தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் பத்ரகாளியால் இராம இராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லையாம். அவளுக்காகவே இந்தக் கூத்து. கூத்துமாடம் என்ற மேடையில் 42 அடி நீளத்துக்குத் திரை கட்டி, பின்னால் 21 விளக்குகளைத் தேங்காய் மூடிகளில் ஏற்றுவார்கள். பாடுவது கம்பன் பாட்டு. 7 இரவு, 14 இரவு, 21 இரவு என்று போகும், சில காவுகளில் 71 இரவும் உண்டு. முன்னால் ஓர் ஆள்கூட இல்லாவிட்டாலும் விடியும்வரை நடக்கும், பார்ப்பவள் பகவதி அல்லவா. போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே மைதானம் காலியாகத்தான் கிடந்தது. அதனால் கூட்டம் குறைந்த பழியைப் போன்மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

சொல்லப்போனால், போன் புதிதாக ஆட்களைச் சேர்த்திருக்கிறது. கூத்தின் நடுவே பட்டர் எனப்படும் பிராமணப் பாவைகள் வந்து, காணிக்கை கொடுத்தவர்களின் குடும்பத்தை வாழ்த்தும். துபாயில் இருக்கும் என் சித்தப்பா மகன் காணிக்கையை ஜிபேயில் அனுப்பிவிட்டு, அந்த வாழ்த்தை வீடியோ காலில் கேட்கிறான். வீட்டுப் பெயர் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது அங்கே அவன் கை கூப்பி நிற்பதை நான் போனில் பார்த்தேன். அது சின்ன விஷயம் இல்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். ரீல்ஸில் வருவது கும்பகர்ணன் எழுந்திருப்பதும் அம்பு பறப்பதும்தான். ஆனால் கூத்தில் பெரும்பாலான நேரம் பாவை அசையாது. புலவர் என்று அழைக்கப்படும் கூத்துக் கலைஞர் ஒருவர் ஒரு பாட்டைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்து பொருள் விரிப்பார். கூட இருப்பவர் குறுக்கே ஒரு கேள்வி போடுவார். அதற்குப் பதில் சொல்லப்போய் வேறொரு புராணக் கதைக்குள் நுழைந்து, கால் மணி நேரம் கழித்து அதே பாட்டுக்குத் திரும்புவார்கள். கதை சொல்லும் கலை என்பதே அதுதான். வீடியோவில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

மேடைக்காகக் கூத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்குவது முன்பே வந்துவிட்டது. 2021இல் பாலக்காட்டு அருங்காட்சியகத்துக்காக ரோபோ பாவைகளும் செய்தார்கள். பத்மஸ்ரீ பெற்ற ராமச்சந்திர புலவரின் குடும்பமே அதற்குத் துணை நின்றது. பெண்களும் இப்போது பாவை எடுத்து ஆடுகிறார்கள், மிக நல்லது. இதில் எதையும் நான் எதிர்க்கவில்லை. ரோபோ கையைத் தூக்கும், வில்லை வளைக்கும். பக்கத்தில் இருக்கும் புலவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மனிதர்தான் வேண்டும், அந்த மனிதர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே என் பதில்: போன் காலத்திலும் இந்தக் கலைக்கு இடம் உண்டு, ஆனால் முழு இரவையும் பதிவு செய்தால்தான். யூடியூபில் ஒரே வீடியோவாக 12 மணி நேரம் வரை ஏற்றலாம். கம்பராமாயணத்தில் எந்தப் படலம், எந்தப் பாட்டு என்று கீழே நேரத்தோடு குறித்துவிட்டால், மதுரையில் இருக்கும் ஒரு தமிழ் மாணவர்கூட நேராக அந்த இடத்துக்குப் போய்க் கேட்கலாம். இந்த வேலையை இங்குள்ள தமிழர்கள்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். பாட்டும் நமக்குத் தெரியும், உரையில் வரும் மலையாளமும் புரியும்.

கூத்துப் பருவம் ஜனவரி வாக்கில் தொடங்கி மே வரை போகும். பதிவு செய்ய வருவதாக இருந்தால் முதலில் காவு நிர்வாகத்திடமும் புலவர்களிடமும் அனுமதி கேளுங்கள். அப்புறம், மைக்கை மைதானத்தில் வைக்காதீர்கள், ஸ்பீக்கர் இரைச்சலில் உரை கேட்காது. திரைக்குப் பின்னால், புலவர்களுக்குப் பக்கத்தில் வையுங்கள்.