இளவரசன் இருக்கட்டும், சித்தியைச் சொல்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீடு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பழைய தேவதைக் கதைகளைக் காதல் கதைகளாக மாற்றி எழுதும் ஆங்கில இளையோர் நாவல்களை விடாமல் படிப்பேன். சிண்ட்ரெல்லாவை நம் தேயிலை எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்து தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாயகி கொழுந்து பறிப்பவள். வீட்டில் கொடுமைக்காரச் சித்தி. முதலாளியின் பேரன் அவளைக் காதலிக்கிறான். ஏற்கெனவே சொன்ன கதையைத் திருப்பிச் சொல்வது இலக்கியமே இல்லை என்கிறார் எங்கள் பேராசிரியர். எழுதலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

எழுது. திருப்பிச் சொல்வது இலக்கியமில்லை என்றால் கம்பனும் இல்லை, 'சாபவிமோசன'த்தில் அகலிகையை மறுபடி எழுப்பிய புதுமைப்பித்தனும் இல்லை. பேராசிரியர் பேச்சை இத்தோடு விடு. முதலாளி பேரன் பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உன் வயதில் காதல் கதை எழுதாமல் எப்போது எழுதுவது?

சித்தி விஷயத்தில்தான் எனக்குக் கோபம். நாயகிக்கு ஊர் கொடுத்தாய், தொழில் கொடுத்தாய், காதலனும் கொடுத்தாய். சித்திக்கு மட்டும் 'கொடுமைக்காரி' என்றால் போதுமா? அவ்வளவு சோம்பலா?

ஜெர்மன் நாட்டுக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல ஆள் அனுப்புபவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் தாயைச் சாகடித்து அந்த இடத்தில் மாற்றாந்தாயை வைத்தார்கள். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விடச் சொன்னவளும் முதலில் அம்மாதான். 1840இல் அவளும் மாற்றாந்தாய் ஆனாள். பெற்றவள் மேல் பழி வரக்கூடாது, சுமக்க வேறொருத்தி அகப்பட்டாள். சிண்ட்ரெல்லா கதையில் முதலிலிருந்தே மாற்றாந்தாய்தான், சரி. ஆனால் அங்கே இன்னொருவர் இருக்கிறாரே, அவரை ஏன் யாரும் கேட்பதில்லை?

என்னை வளர்த்தவள் சித்தி. 1964இல் இலங்கையோடு செய்த ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்ன 5,25,000 தோட்டத் தமிழரில் ஒருத்தி. கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து, அம்மா இறந்த பிறகு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். மழையில் நனைந்து கொழுந்தெடுத்துவிட்டு வந்தாலும் ராத்திரி எங்களுக்குக் கதை உண்டு. ராட்சசி வருவாள், பொல்லாத மாமியார் வருவாள். மாற்றாந்தாய் மட்டும் வந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் சிண்ட்ரெல்லா கேட்டுவிட்டு வந்து லயத்து, அதாவது எங்கள் தோட்டக் குடியிருப்பு வரிசையின், வாசலில் நின்று அவளிடமே ஒப்பித்தேன். அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "மூணு பொம்பளப் புள்ளைக்கும் சோறு யாரு போட்டா? அப்பன்காரன் எங்க போனான்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பல வருஷம் கழித்து கிரிம் கதையை முழுதாகப் படித்தபோது தெரிந்தது, அப்பன்காரன் எங்கும் போகவில்லை. வீட்டிலேயே இருக்கிறான். சந்தைக்குப் போய் மனைவியின் பெண்களுக்கு நல்ல உடையும் முத்தும் வாங்கி வருகிறான், தன் மகளுக்கு அவள் கேட்ட மரக்கிளை. இளவரசன் வந்து வேறு பெண் உண்டா என்று கேட்டால், இறந்த மனைவி விட்டுப்போன ஒருத்தி உண்டு, அவள் மணப்பெண்ணாக இருக்க முடியாது என்கிறான். பெற்ற மகளை! கடைசியில் புறாக்கள் கண்ணைக் கொத்துவது சித்தி பெண்களை. அவனுக்கு ஒரு கீறல் இல்லை.

நீ விரும்பிப் படிக்கும் நாவல்களிலும் பார். 1997இல் கெயில் கார்சன் லெவின் தன் சிண்ட்ரெல்லாவுக்கு, சொன்னதை மீற முடியாத சாபம் கொடுத்தார். 2012இல் மரிஸா மேயர் அவளைப் பாதி இயந்திரமாக்கி, செருப்புக்குப் பதில் இரும்புக் காலையே படியில் கழல விட்டார். எவ்வளவு துணிச்சல்! சித்தி மட்டும் பழைய சித்தியாகவே நிற்கிறாள்.

உன் கடிதத்திலும் அப்பா என்ற சொல்லே இல்லை. அவன் எங்கே? சம்பளத்தை என்ன செய்கிறான்? சித்தி எத்தனை மணிக்கு எழுந்து மலையேறுகிறாள், பறித்த கொழுந்து எடை குறைந்த நாளில் வீட்டுக்கு வந்து யாரை அடிக்கிறாள்? அடிக்கட்டும், அவளை நல்லவளாக்கச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு பெயர் வை. அந்த அத்தியாயத்தை முதலில் எழுதி எனக்கு அனுப்பு.