கரை ஒதுங்கியவனுக்குச் சோறு போட்டது குற்றமா?

கேள்வி: மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைத்து, நாவலிலிருந்து எடுத்த படம் ஒன்றைப் போட்டுவிட்டு, அப்புறம் உட்கார்ந்து பேசுவோம். போன மாதம் 'ஐ ஆஃப் தி நீடில்' என்ற பழைய உளவுப் படம். பேச்சு சண்டையில் முடிந்தது. நாவலைப் படித்திருந்த என் கணவரின் நண்பர் "பாதிக் கதையைக் காணோம்" என்றார். பையன்கள் "படம் நகரவே இல்லை, பலகை விமானத்தைப் பார்த்து ஒரு ராணுவம் ஏமாறுமா?" என்று சிரித்தார்கள். நாற்பது வருடம் படகு ஓட்டிய என் மாமனார் கடல் காட்சியே தப்பு என்றார். சித்தி கதாநாயகியைத் திட்டித் தீர்த்துவிட்டு, "ஆனா கடைசியில துப்பாக்கியைத் தூக்கினா பாரு, அங்கதான் அவ பொம்பள" என்றார். அதற்கு அந்த நண்பர், "சித்தி, இதெல்லாம் புத்தகம் படிச்சவங்க பேசுற விஷயம்" என்று சொல்லிவிட, சித்தி எழுந்து போய்விட்டார். இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. யார் சொன்னது சரி? அடுத்த மாதம் வம்பில்லாமல் ஒரு நகைச்சுவைப் படம் போட்டுவிடலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்:

நகைச்சுவைப் படம் வேண்டாம், சகோதரி. ஒரு படத்தைப் பார்த்து நாலு பேர் நாலு விதமாகக் கத்துகிறார்கள் என்றால் உங்கள் மாடிக் கூட்டம் நன்றாக நடக்கிறது என்றுதான் அர்த்தம். சித்தி விஷயம் மட்டும் வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவும் இதில் வரும், கோபிக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர் நேரம். ஊசி மாதிரி மெல்லிய கத்தியால் குத்திக் கொல்கிற ஒரு ஜெர்மன் உளவாளி இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே வரிசையாக நிற்பவை வெறும் பலகை விமானங்கள் என்று பார்த்து, நேசநாட்டுப் படை பிரான்சில் இறங்கப்போவது கலே பக்கம் இல்லை, நார்மண்டியில்தான் என்ற ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடுகிறான். தன்னை ஏற்றிப்போக வரும் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலைச் சேரப் படகில் போனவனைப் புயல் அடித்து ஒரு தீவில் ஒதுக்குகிறது. அங்கே லூசி என்ற பெண், கல்யாண நாளன்றே கார் விபத்தில் கால்களை இழந்த கணவன், ஒரு சின்னப் பையன், ஆடு மேய்க்கும் ஒரு கிழவர். அவ்வளவுதான் ஊர். வந்தவனைக் காப்பாற்றுகிறாள், அவனிடம் மனதைக் கொடுக்கிறாள், பிறகு அவன் யார் என்று தெரிந்துகொள்கிறாள்.

இப்போது உங்கள் நண்பர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கென் ஃபாலட்டின் நாவல் 1978-இல் வந்தது. அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன முதல் புத்தகம், மறு வருடம் மர்மக் கதைகளுக்கான எட்கர் விருதும் வாங்கியது. அதில் உளவாளியைத் துரத்துகிறவர்கள் கதை ஒரு பெரிய பங்கு. காட்லிமன் என்ற வரலாற்றுப் பேராசிரியர் துண்டுத் துண்டுத் தகவலை வைத்து அவனை நெருங்கிக்கொண்டே வருவார். நம்மைப் பக்கம் புரட்டவைப்பதே அந்தத் துரத்தல்தான். 1981-இல் படம் எடுத்த ரிச்சர்ட் மார்க்வாண்ட் அதில் நிறையக் கத்தரித்துவிட்டு நேரே தீவுக்குப் போய்விட்டார். நாவல் படித்தவருக்கு அது இழப்பு. எனக்கு அது இந்தப் படத்தின் புத்திசாலித்தனம். துரத்துகிறவர்கள் போனதும் கதை லூசியுடையதாகிவிடுகிறது. கேட் நெல்லிகன் அந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கிற இடங்களுக்காகவே நான் இந்தப் படத்தைத் திரும்பப் பார்ப்பேன். டொனால்ட் சதர்லாண்டும் லேசுப்பட்டவர் இல்லை. கொலைகாரன் என்று தெரிந்தும், அவன் தனியாள் என்பது நம்மை உறுத்துகிறது.

முடிவையும் மாற்றியிருக்கிறார்கள். நாவலில், நீர்மூழ்கியை நோக்கிச் செங்குத்துப் பாறையில் இறங்குகிறவன் மேல் லூசி கல்லைத் தூக்கி எறிகிறாள், அவன் விழுந்து சாகிறான். படத்தில் துப்பாக்கி. கல் எறிவதற்கு ஆத்திரம் போதும். முந்தின ராத்திரி தன்னோடு இருந்தவனைக் குறிவைத்துச் சுடுவதற்கு, அவனை நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். உங்கள் சித்தி "அங்கதான் அவ பொம்பள" என்றாரே, இயக்குநர் இந்த இடத்தை மாற்றியதன் காரணம் முழுக்க அந்த மூன்று வார்த்தையில் இருக்கிறது. புத்தகத்தைப் படித்த நண்பர் அதைப் பார்க்கவில்லை, படிக்காத சித்தி பார்த்துவிட்டார்.

சித்தி லூசியைத் திட்டியதும் எனக்குப் புரிகிறது. புருஷன் பக்கத்து அறையில் இருக்கும்போது என்ன இது என்று கேட்கத்தான் செய்வார்கள். படமும் அவளை நல்லவள் என்று எங்கும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் கடற்கரையில் எவனாவது சொட்டச் சொட்ட நனைந்து கரையேறினால் முதலில் மாற்றுத் துணி, சூடாக ஏதாவது குடிக்க, அப்புறம்தான் பேரும் ஊரும். எந்தக் கரையிலும் அதுதான் வழக்கம். இன்றைக்கு உங்கள் ஊரில் என்றால் அடுத்த வேலை கடலோரக் காவலுக்குப் போன் போடுவது. லூசியின் தீவில் இருந்தது ஒரே ஒரு வயர்லெஸ். கதையின் கடைசிப் பாகமே அது யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

மாமனாரை மறுக்க நான் ஆளில்லை. புயலில் சிக்கிக் கடல்தண்ணீர் குடித்து ஒதுங்கியவன் அவ்வளவு சீக்கிரம் எழுந்து நடமாட மாட்டான் என்று அவர் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். சரிதான். அதிலும் நாவலில் அந்தத் தீவு இருப்பது ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே, எலும்பை விறைக்கவைக்கிற குளிர்கடலில். (படம் பிடித்தது மேற்குக் கரையில் மல் என்ற தீவில். பாறையும் காற்றும் அங்கே நிஜம்.) 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த வீட்டில், சினிமாப் புயல் எடுபடாதுதான். ஒன்று மட்டும் அவரிடம் கேளுங்கள்: ஆளை விட்டுவிட்டு, அந்தத் தீவில் காற்று ஓயாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது சரியாக இருந்ததா? மனிதர் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

பையன்கள் சிரித்த பலகை விமானம்தான் கதையிலேயே மிக உண்மையான விஷயம். ஆபரேஷன் ஃபோர்டிட்யூட் என்று அதற்குப் பெயர். கலேவுக்கு எதிர்க்கரையில் இல்லாத ஒரு படையை இருப்பதாகக் காட்டினார்கள். காற்றடைத்த ரப்பர் டாங்கி, டம்மிப் படகு, போலி வயர்லெஸ் பேச்சு, எல்லாவற்றுக்கும் மேலே தளபதியாக அமெரிக்காவின் பேர்போன ஜெனரல் பேட்டன். ஜெர்மனி கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டுத்தான் அதிகம் ஏமாந்தது. இங்கிலாந்தில் இருந்த அவர்களுடைய உளவாளிகள் அநேகமாக எல்லாருமே பிடிபட்டு, பிரிட்டன் எழுதிக்கொடுத்ததை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கார்போ என்ற புனைபெயர் கொண்ட ஸ்பானியர், தானே விரும்பிப் பிரிட்டனுக்கு வேலை பார்த்தவர், ஜெர்மனியிடம் இரும்புச் சிலுவையும் பிரிட்டனிடம் எம்.பி.இ. பட்டமும் வாங்கினார். ஒரே பொய்க்கு இரண்டு பக்கமும் பதக்கம்! 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டியில் படை இறங்கிய பிறகும் பல வாரம் ஜெர்மனி தன் பதினைந்தாம் படையைக் கலே பக்கமே நிறுத்திவைத்திருந்தது. பிடிபடாத ஒரே ஒருவன் இருந்திருந்தால் என்ற கேள்வியிலிருந்துதான் ஃபாலட் கதையே கட்டுகிறார். இதைப் படம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

படம் மெதுவாகப் போகிறது என்ற புகாருக்கு என்னிடம் மருந்து இல்லை. மெதுவாகத்தான் போகிறது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஜார்ஜ் லூகாஸ் தன் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் மூன்றாவது படத்தை மார்க்வாண்டிடம் கொடுத்தார் என்பார்கள். அதைச் சொல்லிப் பாருங்கள், பையன்களிடம் கொஞ்சம் மரியாதை கிடைக்கலாம்.

ஆக, எல்லாரும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை. நண்பர் துரத்துகிறவர்களைத் தேடினார், மாமனார் படகைப் பார்த்தார், சித்தி லூசியோடு இருந்தார். அடுத்த முறை "படம் எப்படி?" என்று தொடங்காதீர்கள், "நீங்க யார் கூட இருந்தீங்க?" என்று கேளுங்கள். நாவல் படித்தவரைக் கடைசியில் பேசவிடுங்கள். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் பரீட்சை எழுதுகிற மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

சித்தி வீட்டுக்கு நீங்கள் போங்கள், ஆள் விட்டுக் கூப்பிட வேண்டாம். நண்பரையும் கூட்டிப் போங்கள். அவர் நீட்டி முழக்கி மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. "நீங்க சொன்ன அந்தக் கடைசி இடம் புத்தகத்துல வேற மாதிரி இருக்கு சித்தி" என்று ஆரம்பித்து, கல் எறிகிற கதையைச் சொல்லட்டும். எது நல்லது என்று சித்தியிடம் கேட்கட்டும். மீதியைச் சித்தி பார்த்துக்கொள்வார்.

அடுத்த மாதத்துக்கு என் யோசனை 1935-இல் ஹிட்ச்காக் எடுத்த 'தி 39 ஸ்டெப்ஸ்'. ஜான் பக்கனின் 1915 நாவல். படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பையன்களுக்கு வசதி. நாவலில் கதாநாயகியே கிடையாது, ஹிட்ச்காக் சேர்த்துக்கொண்டார், நண்பருக்குச் சண்டை போட அது போதும். மாமனாருக்கும் வேலை உண்டு. நாவலில் அந்த முப்பத்தொன்பது படிகள் கடலுக்கு இறங்குகிறவை. ராத்திரி 10.17-க்கு நீர் ஏறி நிற்கும் என்ற ஒரு வரிக் குறிப்பை வைத்துத்தான் உளவாளிகள் தப்பப்போவது எந்தக் கரை என்று கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் பக்கம் ஏற்றவற்றம் பெரிதாகத் தெரியாது, இங்கிலாந்தின் அந்தக் கரையில் ஆள் உயரத்தையும் தாண்டும். படத்தில் ஹிட்ச்காக் இதைத் தூக்கிவிட்டார். அதனால் படம் போடுமுன் நீரேற்ற நேரத்தை வைத்து இடம் கண்டுபிடிக்க முடியுமா என்று மாமனார் சொல்லட்டும்.

தமிழ் சப்டைட்டில் கிடைக்காவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து சித்திக்கு வசனத்தைத் தமிழில் சொல்லும் வேலையை நண்பரிடம் கொடுங்கள்.