லண்டனில் ஜிபியிடம் போக என்ன தடை?

தங்கச்சி, ஈஸ்ட் ஹாமுக்கு வந்து மூன்று மாதமாகியும் ஜிபியில், அதாவது அரசு மருத்துவச் சேவையின் குடும்ப டாக்டரிடம், பதியவில்லை, பில் வருமோ, விசாவுக்குப் பாதிப்போ என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே இல்லை. கணவரின் வேலை விசாவில் வந்தவர் நீங்கள். ஆளுக்கு வருடம் 1,035 பவுண்ட் ஹெல்த் சர்சார்ஜ் (விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம்) கட்டித்தான் வந்திருப்பீர்கள். ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவென்றால் அந்தக் கட்டணம் கிடையாது, ஆனால் சிகிச்சை பெறும் உரிமை இருவருக்கும் ஒன்றுதான். ஜிபியில் பதிய முகவரிச் சான்றும் கட்டாயமில்லை. கவுண்டரில் கேட்டால், விதியில் அப்படி இல்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். மருந்துக்குத்தான் ஒன்றுக்கு 9.90 பவுண்ட். வருமானம் குறைவென்றால் HC1 என்ற படிவம் போட்டு அதையும் குறைக்கலாம்.

இங்கே பெண்களைத் தடுப்பது பெரும்பாலும் பணமில்லை. நான் ஆபீஸ் கிளீனிங் போன காலத்தில் கூட வேலை செய்தவர்கள் சோமாலியா, ருமேனியா, பங்களாதேஷின் சில்ஹெட் பெண்கள். ஜிபி போன் லைன் திறப்பது காலை எட்டு மணிக்கு. அப்போது நாங்கள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருப்போம். வரிசையில் காத்திருந்து எட்டே முக்காலுக்கு லைன் கிடைத்தால், இன்றைக்கு இடம் முடிந்தது என்பார்கள். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அப்புறம் யார் போவார்கள்? இப்போது ஆன்லைனிலும் கேட்கலாம். காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை அது திறந்திருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. ஆனால் படிவம் ஆங்கிலத்தில், அது இன்னொரு சுவர்.

அந்த சில்ஹெட் அக்காவுக்கு மாதக்கணக்கில் ரத்தப்போக்கு. மொழிபெயர்க்கக் கூட்டிப்போனது பத்து வயது மகனை. பிள்ளை முன்னால் எதைச் சொல்வாள்? "வயிற்று வலி" என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிட்டாள். மொழிபெயர்ப்பாளர் இலவசமாகவே கிடைப்பார் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த முறை போனில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் பேசினார், அன்றுதான் விஷயம் வெளியே வந்தது, ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். நீங்களும் அப்பாயின்ட்மென்ட் போடும்போதே "தமிழ் இன்டர்பிரெட்டர், பெண்ணாக வேண்டும்" என்று கேளுங்கள். கணவர் நல்லவர்தான், இருந்தாலும் சில விஷயங்கள் அவர் வாயால் போக வேண்டாம்.

25 வயதானால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கடிதம் வரும். விளம்பரம் என்று குப்பையில் போடாதீர்கள். பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் ஜிபிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனை இணையதளத்தில் நேரே மிட்வைஃபிடம் (கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கவனிப்பவர்) பதியலாம். பிரசவம் முடிந்து 12 மாதம் வரை மருந்தும் பல் சிகிச்சையும் இலவசம். அதற்கான சான்றிதழை மிட்வைஃபிடம் மறக்காமல் கேட்டு வாங்குங்கள், அவர்களாக ஞாபகப்படுத்துவார்கள் என்று இருக்காதீர்கள்.