ஒரு நகரத்தின் சின்னம் எப்படி உருவாகிறது, ஏன் மாறுகிறது? நல்ல உதாரணம் உண்டா?

நான் பாரிஸைத்தான் சொல்வேன். சிவப்புக் கேடயத்தில் வெள்ளிக் கப்பல், அதற்கு மேலே நீலப் பட்டை முழுக்கப் பொன்னிற லில்லி மலர்கள். இதுதான் அந்த நகரத்தின் சின்னம். கடற்கரையே இல்லாத ஊருக்குக் கப்பல் எதற்கு என்று யாருக்கும் தோன்றும்.

அது வியாபாரிகளிடமிருந்து வந்தது. பாரிஸ் பகுதியில் சேன் நதி வழியாகச் சரக்கு கொண்டுபோகும் உரிமை 'நீர் வணிகர்கள்' என்ற சங்கத்தின் கையில் இருந்தது. ஏழாம் லூயி மன்னரே 1170இல் அதை உறுதி செய்தார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் பயன்படுத்திய முத்திரையில் ஓர் எளிய ஆற்றுப் படகு இருக்கிறது. காலப்போக்கில் வணிகர்களின் தலைவரே நகர நிர்வாகத்துக்கும் தலைவராகிவிட, சங்கத்தின் முத்திரை ஊரின் முத்திரையானது. அப்புறம் வரைந்தவர்கள் கையில் அந்தப் படகு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, பாய் விரித்த பெரிய கப்பலாகிவிட்டது. உழைக்கிறவர்களின் படகு ஒரு தலைநகரத்தின் அடையாளமானது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

லில்லி மலர்கள் அரச குடும்பத்துடையவை. 14ஆம் நூற்றாண்டில் கப்பலுக்கு மேலே அவை வந்து சேர்ந்தன. ஆட்சி மாறும்போதெல்லாம் அடி வாங்கியது இந்தப் பட்டைதான். 1790இல் புரட்சி அரசு குலச் சின்னங்களையே ஒழித்ததில் நகரச் சின்னமும் போனது. 1811இல் நெப்போலியன் புதிதாக ஒன்று கொடுத்தார்: லில்லிகளுக்குப் பதிலாகச் சிவப்புப் பட்டையில் மூன்று தேனீக்கள், கப்பலின் முகப்பில் எகிப்தியத் தெய்வம் ஐசிஸ். அவர் வீழ்ந்தபின் 1817இல் பதினெட்டாம் லூயி பழைய லில்லிகளைத் திருப்பிக் கொண்டுவந்தார். கப்பலை மட்டும் நெப்போலியனும் எடுக்கவில்லை, லூயியும் எடுக்கவில்லை.

'அலை அலைக்கழிக்கும், ஆனால் மூழ்காது' என்ற பொருளுள்ள லத்தீன் வாசகத்தை 1853இல், அப்போது பாரிஸை நிர்வகித்த அதிகாரியான ஓஸ்மான் நகரத்தின் அதிகாரபூர்வ வாசகமாக்கினார். 2015 நவம்பரில் பாரிஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு, அங்குள்ள ரிபப்ளிக் சதுக்கத்தில் மக்கள் பெரிதாக எழுதி வைத்தது இந்த வாசகத்தைத்தான்.

இன்றைய நகராட்சி லோகோவில் லில்லியும் இல்லை, கேடயமும் இல்லை. சில கோடுகளில் வரைந்த கப்பல் மட்டும்தான். சிலருக்கு அது மொட்டையாகத் தெரிகிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது. முதல் முத்திரையில் இருந்ததும் அது மட்டும்தானே.