தளம் போடும் நாளில் உங்கள் ஆள் எங்கே?

கேள்வி: எங்கள் கான்ட்ராக்டரிடமே சம்பளத்துக்கு ஒரு என்ஜினீயர் இருக்கிறார். தினமும் வந்து வேலையைப் பார்க்கிறார். தரத்தைப் பார்க்கத் தனியாக இன்னொருவரை வைப்பது இரட்டைச் செலவு இல்லையா?

பதில்: அந்த என்ஜினீயர் கெட்டிக்காரராக இருக்கலாம், நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் வேலையை நிறுத்தச் சொன்னால் நஷ்டம் அவருடைய முதலாளிக்கு. அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே முதலாளி. கம்பி குறைகிறது என்று அவரே வந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் சங்கடம். உங்களிடம் கட்டணம் வாங்கி, உங்களுக்கு மட்டும் பதில் சொல்கிற ஒரு பரிசோதகர் வேண்டும்.

கேள்வி: வாரம் ஒருமுறை வந்து பார்ப்பதாக ஒரு கட்டடப் பொறியாளருடன் பேசியிருக்கிறோம். போதுமா?

பதில்: வாரக் கணக்கு வேண்டாம். செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறவர், வியாழக்கிழமை கான்கிரீட் ஊற்றினால் என்ன செய்ய முடியும்? ஒரு வேலையை இன்னொரு வேலை மூடப்போகிறது என்றால், அதற்கு முன்னால் அவர் வர வேண்டும். குழி தோண்டியதும் மண்ணைப் பார்க்க ஒருமுறை. அஸ்திவாரம், பில்லர், பீம், தளம் ஒவ்வொன்றுக்கும் கம்பி கட்டி, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சு) நிற்கும்போது ஒருமுறை. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டி) இருக்கிறதா, வரைபடத்தில் உள்ள இடைவெளிதானா என்று அப்போதுதான் அளக்க முடியும். தண்ணீர்க் குழாய்களைப் பூசி மூடுவதற்கு முன் அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, ஒரு நாளாவது தண்ணீர் நிறுத்தி, கீழே ஈரம் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகே டைல்ஸ்.

‘பரிசோதகரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் கான்கிரீட் ஊற்றக் கூடாது’ என்று கான்ட்ராக்டருடன் போடும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்தந்தக் கட்டத்துத் தவணைப் பணத்தையும் அதோடு இணைத்துவிடுங்கள். இது இல்லாவிட்டால் பரிசோதகர் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: நாங்கள் வெளியூரில் இருக்கிறோம். நிபுணர் வீடியோ அழைப்பிலேயே பார்த்துச் சொல்லிவிட முடியாதா?

பதில்: முடியாது. கம்பியின் விட்டத்தை அளக்கக் கை அங்கே இருக்க வேண்டும்.

கேள்வி: தளம் போட்ட அன்று மேஸ்திரி கலவையில் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விடப் போனார். எங்கள் பரிசோதகர் தடுத்துவிட்டார். “இவ்வளவு கெட்டியாக இருந்தால் எப்படிப் போடுவது?” என்று மேஸ்திரி சத்தம் போட்டார். “காலம் காலமாகச் செய்கிறவருக்குத் தெரியாதா?” என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: பரிசோதகர் சொன்னதுதான் சரி. இந்த ஹோஸ் விஷயத்தை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறுவதில்லை. சிமென்ட்டோடு வேதிமுறையில் சேர்ந்து இறுகத் தேவைப்படுவது அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர்தான். பரப்பவும் அமுக்கவும் தோதாக இருக்க வேண்டுமே என்று கிட்டத்தட்டப் பாதி வரை போகிறோம். அதாவது 100 கிலோ சிமென்ட்டுக்கு 45 முதல் 50 லிட்டர். மிச்சத் தண்ணீர் பின்னால் உலர்ந்து, இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுப் போகும். பலம் குறையும். அந்தத் துளைகள் வழியாக ஈரம் கம்பியைத் தொடும், கம்பி துருப்பிடிக்கும், துரு உப்பி கான்கிரீட்டையே பிளக்கும். தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்று டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1918-லேயே சோதித்து எழுதிவிட்டார். நூறு வருடம் தாண்டியும் தளத்தில் நின்று மன்றாட வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

மேஸ்திரியின் கஷ்டமும் பொய்யில்லை. நெருக்கமான கம்பிக்குள் கெட்டிக் கலவையை இறக்குவது உடம்பை முறிக்கும் வேலை. அதற்கு வழி, தண்ணீரைக் கூட்டாமலே இளக்கம் தரும் பிளாஸ்டிசைசரைக் கலவை வடிவமைப்பிலேயே சேர்ப்பதும், கலவையை அதிர வைத்து இறக்கும் வைப்ரேட்டர், ஓடுகிற நிலையில் இரண்டு வைத்திருப்பதும். மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தையும் கழித்துத்தான் தண்ணீர் அளக்க வேண்டும். ஊற்றுகிற கலவையிலிருந்தே, பரிசோதகர் கண் முன்னால், 15 செ.மீ. கனசதுரக் கட்டிகள் எடுத்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்கட்டும். 7-ஆம் நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்திருக்க வேண்டும்.

அப்புறம், தளம் இறுகிய பிறகு மேலே நிறுத்துகிற தண்ணீர் வேறு விஷயம். அதில் கஞ்சம் பிடிக்கவே கூடாது. குறைந்தது 7 நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முழுப் பணமும் கொடுத்து, சாவி வாங்கி, குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. கட்டும்போது வேலை நெருக்கடியில் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. தரமாகக் கட்டியிருக்கிறார்களா என்று இப்போது சோதிக்கலாமா?

பதில்: சோதிக்கலாம். அன்றைக்கு அரை நாளில் அளவு நாடா வைத்துப் பார்த்திருக்கக்கூடியதை இன்றைக்குக் கருவி வைத்து ஊகிக்க வேண்டும், அவ்வளவுதான். மேற்பரப்பின் கடினத்தைக் காட்டும் சுத்தியல் உண்டு, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி உண்டு, சந்தேகம் வலுத்தால் கான்கிரீட்டைத் துளைத்து உருளையாக எடுத்தும் உடைத்துப் பார்க்கலாம். அஸ்திவாரத்தைத் தோண்டாமல் பார்க்க முடியாது. வாழ்நாளிலேயே பெரிய செலவுக்கு ஒருநாள்கூட ஒதுக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, படிக்கும்போதே கோபம் வந்தது. ஒப்பந்தத்தில் குறைபாடுகளுக்குக் கான்ட்ராக்டர் எவ்வளவு காலம் பொறுப்பு என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: “பரிசோதகர் வந்தால் நான் வேலையை விட்டுவிடுவேன்” என்கிறார் நாங்கள் பேசி வைத்திருக்கும் கான்ட்ராக்டர்.

பதில்: இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் விடட்டும்.

கேள்வி: ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கட்டிய வீடு. கான்ட்ராக்டரே ‘நடுநிலையானவர்’ என்று ஒரு பரிசோதகரைக் காட்டினார். கட்டணம் நாங்கள் கொடுத்தோம். ஆறு அறிக்கையிலும் ‘திருப்தி’ என்று எழுதினார். இப்போது படுக்கையறைக் கூரைத் தளத்தின் அடியில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. இருவரும் கூட்டாளிகள் என்று பிறகுதான் தெரிந்தது. நாளைக்கே ஆள் அனுப்பிப் பூசித் தருவதாகக் கான்ட்ராக்டர் சொல்கிறார்.

பதில்: பூச விடாதீர்கள். முதலில் அதைத் தடுங்கள். நீங்கள் கவனமாகத்தான் இருந்தீர்கள், பணமும் கொடுத்தீர்கள். தப்பு முழுக்க அந்த இருவருடையது.

எனக்கும் இதேதான் நடந்தது. என் வீட்டுக்கும் கான்ட்ராக்டர் கைகாட்டிய ஆளையே வைத்தேன். குளியலறையில் தண்ணீர் நிறுத்திப் பார்க்காமலே, பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டாம் வருடம் கீழறைக் கூரையில் ஈரம். பதற்றத்தில் டைல்ஸை உடனே பெயர்த்துச் சரிசெய்தேன். பழைய நிலையைப் படம்கூட எடுக்கவில்லை. அப்புறம் நஷ்டஈடு கேட்கக் கையில் ஒன்றும் இல்லை.

அதனால் நீங்கள் எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஆறு அறிக்கை, கட்டண ரசீது, தேதிகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். இந்த இருவருக்கும் சம்பந்தமே இல்லாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, கம்பி ஏன் வெளியே வந்தது, எப்படிச் சரிசெய்வது என்று எழுதி வாங்குங்கள். அதை வைத்துக் கான்ட்ராக்டருக்கும் பரிசோதகருக்கும் தனித்தனியாக எழுத்தில் புகார் கொடுங்கள். வேலை முடிந்தது என்று எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். வழக்கறிஞரிடம் போவதாக இருந்தாலும் இந்தக் கோப்போடு போங்கள்.

பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.