முதலில் பாஸைக் கேளுங்கள்

ஜாஸ் போட்டால் பத்தே நிமிடத்தில் கவனம் சிதறுகிறது, இரவில் தனியாக உட்கார்ந்து கேட்க ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் சொல்வேன்: பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழுவான பில் எவன்ஸ் ட்ரியோவின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் ரசிகர்கள் முன்னால் பதிவானது.

ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் தடவை பியானோவை விட்டுவிட்டு ஸ்காட் லஃபாரோ வாசிக்கும் பாஸை, அதாவது கனத்த குரலில் ஒலிக்கும் அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தை, மட்டும் பின்தொடருங்கள். அது தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காது. பியானோ ஒரு வரி சொன்னால் குறுக்கே பதில் சொல்லும். அந்தப் பேச்சு காதில் பிடிபட்டுவிட்டால் மனம் வேறெங்கும் போகாது. முதல் பாட்டில் டிரம்மர் பால் மோஷன் பிரஷ்ஷால் டிரம்மை வருடுவது யாரோ பக்கத்தில் மூச்சு விடுவது போல இருக்கும். நடுநடுவே கண்ணாடிக் கோப்பைகளின் சத்தம், மேசைகளில் முணுமுணுப்பு. எனக்கு அதுவும் பிடிக்கும்.

அப்புறம் தலைப்புப் பாட்டு. டெபி என்பது எவன்ஸின் அண்ணன் மகள். மூன்று எண்ணிக்கையில் தொடங்கும் நடை நாலுக்கு மாறும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

இந்தப் பதிவு நடந்து பதினோரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25.

முழு ஆல்பமும் ஒரே இரவில் வேண்டாம். இன்றைக்கு முதல் இரண்டு பாட்டு போதும்.